மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்தால் வெளிநாட்டு டாக்டரிடம் கேட்க வேண்டுமா?

கேள்வி: அக்காவுக்கு 54 வயது. 2019-இல் இடது மார்பில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் முதுகுவலி என்று போனதில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடத்திலும் கல்லீரலில் ஒரு இடத்திலும் திரும்பி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ரிபோசிக்லிப் மாத்திரை, ஃபல்வெஸ்ட்ரன்ட் ஊசி, எலும்புக்கு ஒரு ஊசி என்று தொடங்கலாம் என்கிறார் டாக்டர். நியூஜெர்சியில் இருக்கும் தம்பியோ, “இங்கே கூட்டிக்கொண்டு வா, ஒரு தடவை இங்குள்ள டாக்டர் பார்க்கட்டும்” என்கிறான். நிலத்தை விற்றாவது போகலாமா?

பதில்:

நிலத்தை விற்காதீர்கள். டிக்கெட்டும் இப்போது வேண்டாம். அதற்காகத் தம்பி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். நோய் திரும்பி வந்திருக்கும் இந்த நேரத்தில் இன்னொருவர் கண்ணும் பட வேண்டும் என்று அவர் நினைப்பது சரிதான். ஆனால் அமெரிக்காவுக்கு முதலில் போக வேண்டியது அக்கா இல்லை, அக்காவின் உடம்பிலிருந்து எடுத்த சதை. அதிலும் முக்கியமான சதையை இன்னும் எடுக்கவே இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல், சதையைச் சோதித்து நோயைச் சொல்லும் பத்தாலஜி லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவன். நோயாளிகளை நேரில் பார்த்தது குறைவு, அவர்களுடைய கட்டிகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலில் மருந்தைவிட ஸ்லைடு, அதாவது கண்ணாடியில் ஒட்டிய சதைச் சீவல் பற்றித்தான் அதிகம் இருக்கும். மருந்து பற்றி நான் எழுதுவதை அக்காவின் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் கடைசி வார்த்தை அவருடையது.

உங்கள் டாக்டர் சொன்னது ஏனோதானோ சிகிச்சை இல்லை. லெட்ரோசோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்த, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை நோய்க்கு ஃபல்வெஸ்ட்ரன்ட்டும் அதோடு புற்றுநோய்ச் செல் பெருகுவதைத் தடுக்கும் ரிபோசிக்லிப் மாதிரி ஒரு மாத்திரையும் தருவது உலகம் முழுக்க வழக்கம். அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளான ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சனுக்குப் போனாலும், நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் போனாலும் பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும். ரிபோசிக்லிப்புக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே குடும்பத்து பால்போசிக்லிப்புக்கு அதற்கும் முன்னால், 2015-இல். 2023 ஜனவரியில் பால்போசிக்லிப்பின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் உள்நாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இறங்கி விலை சரிந்தது. ஆக, மாத்திரைக்காக யாரும் கடல் தாண்ட வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டம் முழுவதும் 2019-இல் எழுதிய ஒரு ரிப்போர்ட்டின் மேல் நிற்கிறது. அன்றைய கட்டி ஹார்மோன் வகை என்று அதில் எழுதியிருக்கும். இன்று கல்லீரலில் இருப்பதும் அதே வகைதான் என்று யார் சொன்னது? ஸ்கேன் சொல்லாது. பெட் ஸ்கேனில் ஒரு இடம் பளிச்சென்று தெரிந்தால், அங்கே சர்க்கரை அதிகம் செலவாகிறது என்றுதான் அர்த்தம். புற்றுநோயும் சர்க்கரையைத் தின்னும், காசநோயும் தின்னும், ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவும் தின்னும்.

ஒரு அம்மாவின் விஷயம் இன்னும் நினைவிருக்கிறது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்று வருடம். நெஞ்சுக்கு நடுவில் நெறிகட்டிகள் ஸ்கேனில் எரிந்தன. வீட்டில் எல்லாரும் அழுது முடித்து, கீமோவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. ஊசி விட்டு எடுத்த துண்டு என் மேஜைக்கு வந்தபோது அதில் புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட இல்லை, முழுக்கக் காசநோய். மாத்திரை சாப்பிட்டு நன்றாக ஆனார். உங்கள் அக்காவுக்கும் அப்படி இருக்கும் என்று நம்பிக்கை ஊட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதுகெலும்பிலும் கல்லீரலிலும் சேர்ந்து வந்தால் புற்றுநோயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் காசநோய் சர்வசாதாரணமாக இருக்கும் நம் ஊரில், சதையைப் பார்க்காமல் “திரும்பி வந்துவிட்டது” என்று எழுதுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

புற்றுநோய்தான் என்று உறுதியானாலும் வேலை முடிவதில்லை. முதல் கட்டிக்கும் திரும்பி வந்த கட்டிக்கும் இடையே குணம் மாறுவது உண்டு. செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாறியிருக்கிறது, அதாவது முன்பு இருந்தது இப்போது இல்லை, அல்லது நேர்மாறாக. கட்டியை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் அதைவிடக் குறைவாக, பத்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. முதல் முறை திரும்பி வரும்போது, எடுக்க முடிகிற இடமாக இருந்தால் பயாப்ஸி, அதாவது சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். ஃபல்வெஸ்ட்ரன்ட் தாக்குவதே அந்த ஏற்பியைத்தான், அது போய்விட்டிருந்தால் ஊசி போட்டு என்ன பயன்?

ஹெர்-2 விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஹெர்-2 அளவைப் பூஜ்யத்திலிருந்து 3+ வரை எழுதுவோம். 2019-இல் நாங்கள் “1+” என்று எழுதினால் அது நெகடிவ், அவ்வளவுதான், அடுத்த ஸ்லைடு. அந்த 1+ எழுதும்போது நான் பெரிதாக யோசித்ததுகூட இல்லை. 2022-இல் வெளிவந்த டெஸ்டினி பிரெஸ்ட்-04 ஆய்வு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. 1+ உள்ளவர்களும், 2+ வந்து அடுத்த பரிசோதனையில் நெகடிவ் ஆனவர்களும் “ஹெர்-2 குறைவு” என்று தனி வகையானார்கள். அவர்களுக்கு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகன் என்ற மருந்து வேலை செய்தது. வழக்கமான கீமோ எடுத்தவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 17 மாதம் உயிரோடு இருந்தார்கள் என்றால், இந்த மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 23 மாதத்தைத் தாண்டினார்கள். 2024-லிருந்து மருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது, அந்த வருட பட்ஜெட்டில் அதற்குச் சுங்க வரியும் நீக்கப்பட்டது. அக்காவுக்கு அது இன்று தேவைப்படாது, பின்னால் தேவைப்படலாம். அப்போது பழைய ஸ்லைடில் எழுதியது பூஜ்யமா, ஒன்றா என்பது பெரிய கேள்வியாகிவிடும். இந்த இடத்தில்தான் இரண்டாவது பத்தாலஜிஸ்டின் கண்ணுக்கு மதிப்பு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் நாங்களே எங்களுக்குள் சண்டை போடுவோம்.

எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், கல்லீரலில் இருப்பது ஊசிக்கு எட்டுகிற இடமாக இருந்தால் கல்லீரல்தான். எலும்பு கடைசி வழி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் பல நோயாளிகளின் பரிசோதனை இதில்தான் வீணாகிறது. எலும்பு கல் மாதிரி இருப்பதால் மெல்லிய சீவலாக வெட்ட முடியாது. முதலில் அதில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அவசரத்துக்குக் காட்டமான அமிலத்தில் போட்டால் சீக்கிரமே இளகிவிடும். கூடவே டி.என்.ஏ.வும் சிதைந்து போகும், ஏற்பிப் பரிசோதனையும் கெடும். ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலில் போட்டால் நாள் கணக்கில் ஆகும், ஆனால் சதை பிழைக்கும். நான் வேலை பார்த்த ஒரு லேபிலேயே ஒரு பெண்ணின் எலும்புத் துண்டை வழக்கம்போல அமிலத்தில் போட்டுவிட்டு, ஏற்பி நெகடிவ் என்று ரிப்போர்ட் தயாராகியிருந்தது. கையெழுத்துக்கு வந்தபோதுதான் கவனித்தேன். அந்த ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் அவருக்கு ஹார்மோன் மருந்தே கிடைத்திருக்காது. எலும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், “அமிலத்தில் போடாதீர்கள், ஈ.டி.டி.ஏ. போதும், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று உங்கள் டாக்டரை விட்டு பயாப்ஸி தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எழுதச் சொல்லும்போது இன்னும் ஒன்று. ஊசியில் நூல் மாதிரி இரண்டு மூன்று துண்டுகள் வரும். எல்லாவற்றையும் ஒரே மெழுகு பிளாக்கில் (சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டி) பதிக்காமல் இரண்டு பிளாக்காகப் பதியச் சொல்லுங்கள். ஒன்று இங்கே இருக்கும், ஒன்று வெளியே போகலாம். துண்டு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை சாயங்காலம் பயாப்ஸி எடுத்து, ஞாயிறு லீவு, திங்கள் பண்டிகை என்றால் அந்தப் புட்டி செவ்வாய் வரை அப்படியே கிடந்து 72 மணி நேரத்தை நெருங்கிவிடும். முடிந்தால் வாரத்தின் முதல் பாதியில் தேதி வாங்குங்கள்.

அதே சதையிலிருந்தோ, ரத்தத்திலிருந்தோ மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். உங்கள் அக்காவின் விஷயத்தில் இது சும்மா கூடுதலாக ஒன்று பார்த்துவைப்பது இல்லை. ஹார்மோன் வகைப் புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அந்த மாற்றம் இருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு தரும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போதே நோய் திரும்பியவர்களுக்கென்றே ஒரு ஆய்வு நடந்தது. பால்போசிக்லிப், ஃபல்வெஸ்ட்ரன்ட் இரண்டோடு இனவோலிசிப் என்ற மாத்திரையையும் சேர்த்தபோது, நோய் வளராமல் நின்ற காலம் 7.3 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உங்கள் அக்காவின் நிலைமையைத்தான் அந்த ஆய்வு அப்படியே சொல்கிறது, கவனித்தீர்களா? சிகிச்சை தொடங்கும் முன்னால் பார்த்தால்தான் இது முதல் வரிசையிலேயே பேச்சுக்கு வரும். சர்க்கரை வியாதி இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து சர்க்கரையை ஏற்றும்.

பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை 2019-இல் செய்யவில்லை என்றால் இப்போது செய்துவிடுங்கள். அதில் மாற்றம் தெரிந்தால் ஒலாபரிப் என்ற மாத்திரைக்கு வழி திறக்கும். உங்களுக்கும், உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும்கூட அது தெரிய வேண்டிய விஷயம்.

சரி, இத்தனையும் இங்கேயே நடக்கிற வேலைதானே, வெளிநாடு எதற்கு என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெளியே ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கருத்துக்கு வந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 149 பேர். அவர்களில் 77 பேருக்கு ஆபரேஷன் திட்டம் ஏதோ ஒரு வகையில் மாறியது. அவர்கள் புதிதாக நோய் கண்டவர்கள், அக்காவின் நிலை வேறு. ஆனால் மாற்றம் எப்படி வந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. அங்கே புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பழைய ஸ்கேனை மறுபடி பார்த்தார்கள், பழைய ஸ்லைடை மறுபடி வாசித்தார்கள், நாலைந்து துறை டாக்டர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். ஸ்லைடும் ஸ்கேனும் அந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

என்னைக் கேட்டால் முதல் கடிதம் மும்பைக்குப் போகட்டும். டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, தேசிய புற்றுநோய் கட்டமைப்பு (நேஷனல் கேன்சர் கிரிட்) என்ற ஆஸ்பத்திரிக் கூட்டணியோடு சேர்ந்து நவ்யா என்ற இணையச் சேவை வழியாக எழுத்தில் கருத்துத் தருகிறது. மதுரையிலிருந்தே ரிப்போர்ட்டுகளை ஏற்றலாம், கட்டணம் வெளிநாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இங்கே எந்த மருந்து என்ன விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுவது ஒரு பெரிய சௌகரியம். வேலூர் சி.எம்.சி.யோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டோ நேரில் போய்வரத் தோதுப்பட்டால் அதுவும் சரிதான்.

அதற்கு அப்புறம் அமெரிக்கா. அங்குள்ள பெரிய மையங்கள் பலவற்றில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்றே தனி அலுவலகம் உண்டு, காகிதத்தை மட்டும் பார்த்துக் கருத்து எழுதும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. இதைத் தம்பியிடம் விடுங்கள். அந்த ஊர் நேரத்தில் போன் போட்டு, யார் ஸ்லைடை வாங்குவார்கள், பிளாக்கை வாங்குவார்கள், எத்தனை நாளில் பதில் என்று விசாரிக்க அவரைவிட்டால் ஆளில்லை. டிக்கெட் போடுவதைவிட இது பெரிய உதவி. ஒன்றை மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அப்படி வருகிற கருத்து பெரும்பாலும் உங்கள் மதுரை டாக்டருக்கு எழுதும் ஆலோசனையாகத்தான் இருக்கும், மருந்துச் சீட்டாக இருக்காது. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையமும் ஒரு வழி. அது பக்கம் என்பதாலேயே நம் ஊரில் பலர் முதலில் அங்கே போவார்கள்.

அனுப்பும் விஷயத்தில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெட் ஸ்கேன் ஃபிலிமை போனில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் அங்கே எந்த ரேடியாலஜிஸ்டும் தொடமாட்டார். டைகாம் என்ற மூல ஸ்கேன் கோப்புகள் உள்ள சிடி வேண்டும், 2019 மேமோகிராம் உட்பட. நம் ரிப்போர்ட்டுகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை, அதில் நமக்கு ஒரு லாபம். டிஸ்சார்ஜ் தாளில் கையால் எழுதிய கீமோ விவரத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லி டைப் அடித்து வாங்குங்கள்: எந்த மருந்து, எத்தனை தடவை, எந்தத் தேதி வரை. கரண்ட் எத்தனை நாள், எவ்வளவு அளவு, எந்த இடம் என்பதும் வேண்டும். முதுகெலும்புக்கு மறுபடி கரண்ட் வைக்க நேர்ந்தால் அந்தத் தாள் இல்லாமல் கணக்குப் போட முடியாது.

பிளாக்கைப் பொறுத்தவரை, 2019 ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பத்தாலஜி லேபில் கேளுங்கள். பெரிய லேப்கள் பத்து வருடம்வரை வைத்திருப்பார்கள். சில இடங்களில் அப்போதே வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருப்பார்கள், பீரோவில் ஃபைலுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிளாக்கே வேண்டுமா, அதிலிருந்து சீவிய சாயமேற்றாத ஸ்லைடுகள் போதுமா என்று வாங்குகிற இடத்தில் முதலில் கேளுங்கள். சீவி வைத்த ஸ்லைடு வாரக்கணக்கில் கிடந்தால் ஏற்பிப் பரிசோதனைக்கு மங்கிப்போகும், அதனால் அனுப்பும் தேதி முடிவான பிறகு சீவினால் போதும். இருப்பதையெல்லாம் ஒரேயடியாக அனுப்பாதீர்கள். ஒன்று வழியில் தொலைந்தாலும் இன்னொன்று இங்கே இருக்க வேண்டும். லேபிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்: ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்தது, தொற்று அபாயம் இல்லாதது, நோயறிதலுக்கு மட்டும், விற்பனை மதிப்பு இல்லாதது. கூரியரிலும் விமான நிலையத்திலும் இந்த நாலு வரிதான் பேசும். ஊருக்கு வந்து திரும்புகிற சொந்தக்காரர் கைப்பையில் கொண்டுபோவதும் நடக்கிற காரியம்தான். அந்த மெழுகு அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உருகும். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கேட்கிற கேள்வியும் குறியாக இருக்கட்டும். “என்ன செய்யலாம் டாக்டர்?” என்று கேட்டால் உங்கள் டாக்டர் சொன்னதையே நாலு பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள், அதற்கும் பில் வரும். கல்லீரல் துண்டின் ஏற்பி, ஹெர்-2 கணக்கை நீங்கள் பார்த்தால் எங்கள் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா? மரபணு மாற்றம் இருந்தால் முதல் மருந்தே மாறுமா? இந்த மருந்து நின்றுபோனால் அடுத்தது என்ன, அது இந்தியாவில் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடு எது? இந்த மூன்றுக்கும் நேர்ப்பதில் வந்தால் கொடுத்த காசு வீண் இல்லை.

இந்தியாவில் கடைக்கு வராத மருந்தை எழுதிவிட்டார்கள் என்றாலும் மனம் விட வேண்டாம். நோயாளி தன் சொந்த உபயோகத்துக்கு வரவழைத்துக்கொள்ள சட்டத்தில் வழி உண்டு. படிவம் 12ஏ-வில் டாக்டர் சீட்டோடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பித்தால் 12பி என்ற அனுமதி தருவார்கள். அனுமதி கிடைப்பது ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம். அந்தக் கம்பெனிக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்று டாக்டர் மூலமாகவே விசாரியுங்கள்.

“மூன்றே இடம்தானே, மூன்றையும் கரண்ட் வைத்துச் சுட்டுவிட்டால் தீர்ந்தது” என்று யாராவது தம்பியிடம் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். நாலு இடத்துக்குள் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு இதைத்தான் அமெரிக்காவில் ஆய்வாகச் செய்து பார்த்தார்கள். 2022-இல் சொன்ன முடிவு: மருந்தோடு இதையும் சேர்த்தவர்களுக்கு நோய் தள்ளிப்போகவில்லை. வலிக்கிற முதுகெலும்புக்கு வலி தணியக் கரண்ட் வைப்பது வேறு, அது நல்ல காரியம். ஆபரேஷன் தழும்பிலோ மார்புச் சுவரிலோ மட்டும் திரும்பி வந்திருந்தால் நான் எழுதும் பதிலே வேறாக இருந்திருக்கும். அங்கே முழுசாக வெட்டியெடுத்துக் குணப்படுத்தும் நோக்கத்தோடே இறங்குவார்கள்.

அப்படியானால் ஆள் நேரில் போக வேண்டிய சந்தர்ப்பமே கிடையாதா? உண்டு. குறிப்பிட்ட ஒரு மருந்து ஆய்வில் சேர இடம் இருக்கிறது, அக்கா அதற்குப் பொருந்துகிறார் என்று அவர்களே ஸ்லைடைப் பார்த்து எழுதினால் யோசிக்கலாம். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஆய்வு மருந்து இலவசம், ஆனால் கூடவே எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் அந்தச் செலவு, இவற்றில் பல நோயாளியின் இன்ஷூரன்ஸ் தலையில் விழும். அக்காவுக்கு அங்கே இன்ஷூரன்ஸ் கிடையாது. தம்பியின் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் மனைவி, பிள்ளைகளைச் சேர்க்கலாம், அக்காவைச் சேர்க்க முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் ஏற்கனவே உள்ள புற்றுநோயின் சிகிச்சைக்குப் பணம் தராது. தம்பி நல்ல மனதோடு கூப்பிடுகிறார், ஆனால் இதை அவர் யோசித்திருக்கமாட்டார். பெரிய மையங்கள் வெளிநாட்டு நோயாளியிடம் மதிப்பீட்டுத் தொகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து என்றால் மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். இருக்கிற நல்ல நாட்களை அக்கா தன் வீட்டில், தன் பிள்ளைகளோடு கழிப்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஜெர்மனி, மெக்சிகோ என்று சொல்லிக்கொண்டு ஆள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டென்ட்ரிடிக் செல் ஊசி, உடம்பைச் சூடேற்றும் சிகிச்சை, வைட்டமின் டிரிப் என்று அழகான கட்டிடத்தில் நடத்துவார்கள். ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ப்ரூகன் என்ற ஊரில் இப்படி ஒரு இடத்தில், அனுமதி பெறாத ஒரு ரசாயனத்தை நரம்பில் ஏற்றி 2016-இல் மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்காக நெதர்லாந்திலிருந்து போனவர். நடத்தியவர் டாக்டர்கூட இல்லை, மாற்று மருத்துவர். பின்னால் கோர்ட் தண்டித்தது. உங்கள் ஸ்லைடைக் கேட்காமல், அக்கவுண்ட் நம்பரை முதலில் கொடுக்கிற எந்த இடத்தையும் நான் ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்ற பயம் நியாயமானது. பயாப்ஸிக்கும் பரிசோதனைக்கும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அக்கா தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் டாக்டர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கச் சம்மதிப்பார்கள், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தண்டுவடம் நசுங்கும்போது மணிக்கணக்குதான் கணக்கு. கண் மஞ்சளானாலும், மூச்சு வாங்கினாலும், வாந்தியோடு தலைவலி நிற்காவிட்டாலும், பேச்சு குழறித் தூங்கி விழுந்தாலும் அப்படித்தான். அப்போது இரண்டாவது கருத்து காத்திருக்கட்டும், சிகிச்சை தொடங்கட்டும். எலும்பு ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டரை ஒருமுறை பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும் ஆபத்து உண்டு.

டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தப் பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒளித்துச் செய்யாதீர்கள். ஹூஸ்டனிலிருந்து என்ன கருத்து வந்தாலும் ஊசி போடப்போவது அவர்தான். “தம்பி வெளியே கேட்கிறான் டாக்டர், அதோடு கல்லீரலில் பயாப்ஸி எடுத்துவிட்டுத் தொடங்கலாமா?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் என்றால் தானே சுருக்கம் எழுதித் தருவார். பயாப்ஸி வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்வார். அந்த இடம் ரத்தக்குழாயை ஒட்டியிருக்கலாம், அது நியாயமான காரணம்தான். முகத்தைச் சுளித்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நோய் பரவியிருப்பது அவருக்குத் தெரியுமா? நம் வீடுகளில் “எலும்புத் தேய்மானம்” என்று சொல்லி மறைத்துவிடுகிறோம். அமெரிக்க மையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான், வீடியோவில் பேசினால் அந்த டாக்டர் அவரைப் பார்த்துத்தான் பேசுவார். முதல் தடவையாக அவர் அதைக் கேள்விப்படுவது ஒரு கம்ப்யூட்டர் திரையிலிருந்தா இருக்க வேண்டும்? இந்த வாரம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை லேபுக்குப் போன் போடும்போது 2019 ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் மேலே பயாப்ஸி எண் என்று இருக்கும், பல லேப்களில் அது சாய்கோட்டுக்குப் பின்னால் 19 என்று முடியும். பெயரைச் சொன்னால் தேட ஒரு வாரம் ஆகும். அந்த எண்ணைச் சொன்னால் அன்றைக்கே எடுத்துத் தந்துவிடுவார்கள்.